பாடும் கம்பியும் வீழ்ந்த கோபுரமும்

காற்றடிக்கும் நாளில், கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்ட கம்பியொன்று தானாகவே இசைப்பதை நம்மிற் பலர் கேட்டிருக்கின்றோம். அதனை எவரும் விரலால் மீட்டவில்லை, வில்லெடுத்து வருடவுமில்லை. காற்று விட்டுவிட்டு வீசினாலாவது, அது கம்பியைத் தட்டித்தட்டி ஒலியெழுப்புகின்றது என்று நாம் அமைதி கூறலாம். ஆனால், ஏற்றத்தாழ்வு சிறிதுமின்றி ஒரே சீராக வீசும் காற்றிலும் கம்பி பாடவே செய்கின்றது. சீரான காற்று கம்பியை ஒரு பக்கமாகச் சற்றே வளைத்து, வளைத்தபடியே வைத்திருக்க வேண்டுமன்றோ? அதைவிடுத்து, செக்கனுக்கு நூறு தடவையும் இருநூறு தடவையும் அதனை இருபுறமும் ஏன் ஆட்டுகின்றது?

கேள்வி சிறுபிள்ளையின் கேள்வி போலத் தோன்றலாம். எனினும், அதற்கு விடை காண்பதில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஈடுபட்டனர். அவ்விடை ஏட்டிலே அடங்கிக் கிடப்பதுமன்று. உருண்டையான தூணைச் சுற்றிக் காற்றோ நீரோ செல்லும் முறையைப் போதியவாறு கணக்கில் எடாதவிடத்து, வானளாவ நின்ற கோபுரங்கள் சரிந்திருக்கின்றன. அணுமின் நிலையமொன்று பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஓய்ந்து கிடந்திருக்கின்றது. ஆகையால், இச்சிறு கேள்வியைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

காற்றுத் தெய்வத்தின் யாழ்

பண்டைக் கிரேக்கர் காற்றுக்கு ஏயோலஸ் என்னும் தலைவனைக் கற்பித்தனர். சாளரத்தருகே வைத்தால் காற்றினால் தானே இசைக்கும் நரம்புப் பெட்டிக்கு, பிற்கால ஐரோப்பியர் அவன் பெயரையே சூட்டி ‘ஏயோலஸ் யாழ்’ என்றனர். அத்தகைய கருவியை அதனாசியஸ் கிர்ச்சர் என்னும் துறவி, 1650ஆம் ஆண்டில் வெளியான தம் இசைநூலில் விவரித்துள்ளார். கருவி பழையதாயினும், அதன் ஒலிக்குக் காரணம் யாதென்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

1878ஆம் ஆண்டில் வின்சென்ஸ் ஸ்திரூகால் என்னும் செக் நாட்டுப் பௌதிக அறிஞர் இதனை அளந்து பார்க்க முற்பட்டார். சட்டமொன்றிலே கம்பியைப் பூட்டி, அச்சட்டத்தை வெவ்வேறு வேகங்களிற் சுழற்றி, எழும் ஒலியின் சுருதியை அவர் குறித்துக் கொண்டார். கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் பொறுத்தே சுருதி அமையும் என்பது வீணை வாசிப்போர் அனைவரும் அறிந்தது. இங்கோ நிலைமை வேறாக இருந்தது. காற்றினால் எழும் ஒலியின் சுருதி கம்பியின் நீளத்தையோ, இழுவிசையையோ, அது எவ்வுலோகத்தால் ஆனது என்பதையோ பொறுத்திருக்கவில்லை. காற்றின் வேகமும் கம்பியின் தடிப்புமே அதனைத் தீர்மானித்தன. வேகம் கூடச் சுருதி கூடியது. தடிப்புக் கூடச் சுருதி தாழ்ந்தது.

அவரும் அவருக்குப் பின் வந்தோரும் கண்ட விதி மிக எளியது. காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை எடுத்தால், அதுவே அதிர்வின் மீடிறனாகும். கம்பியின் விட்டம் 4 மில்லிமீற்றர், காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் என்று கொள்வோம். அப்போது மீடிறன் செக்கனுக்கு 250 ஆகும். மனிதக் காதுக்கு இது நன்கு கேட்கும் சுரமேயாம்.

மற்றுமொரு விந்தையையும் ஆங்கில அறிஞர் றேலிப் பிரபு கண்டறிந்தார். கம்பி காற்றின் போக்கில் முன்னும் பின்னும் ஆடவில்லை. காற்றுக்குக் குறுக்காகவே ஆடியது. வடக்கிலிருந்து காற்று வீசக் கம்பி கிழக்கும் மேற்குமாக ஆடுவது போன்றது இது. தள்ளுவது ஒரு திசை, ஆடுவது வேறு திசை! இதன் மர்மத்தை அறிய, கம்பிக்குப் பின்புறத்தில் நிகழ்வதை நாம் பார்க்க வேண்டும்.

கணிதம் கூறியதும் கண் கண்டதும்

தூணொன்று ஓடும் நீரின் நடுவே நிற்கின்றது. முன்புறத்தில் நீர் இரண்டாகப் பிரிந்து, இருபக்கமும் வளைந்து சென்று, பின்புறத்தில் மீண்டும் ஒன்றுசேர்கின்றது. பிரான்சிய அறிஞர் தலம்பேர், நீரை உராய்வே அற்றதொரு பொருளாகக் கொண்டு இதனைக் கணித்தார். 1752ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. முன்புறத்தில் நீர் தூணை எவ்வளவு பின்னே தள்ளுகின்றதோ, பின்புறத்தில் அவ்வளவே முன்னே தள்ளுகின்றது. ஆகவே தூணின்மீது மொத்தத் தள்ளுவிசை எதுவுமேயில்லை என்று கணிதம் கூறிற்று.

வெள்ளத்தில் ஒரு தடவை இறங்கி நின்றவரும், காற்றிலே குடை பிடித்தவரும் இதனை ஒப்புவரோ? கணக்கிலே பிழையில்லை, உலகத்திலும் பிழையில்லை, ஆயினும் இரண்டும் பொருந்தவில்லை. தலம்பேரின் முரண்பாடு என்னும் பெயருடன் இப்புதிர் நூற்றைம்பது ஆண்டுகள் நின்று நிலைத்தது.

அதனை அவிழ்த்தவர் ஜேர்மனியரான லூத்விக் பிராண்டில். 1904ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க் நகரிற் கூடிய கணித மாநாட்டில், சிறியதொரு கட்டுரையில் அவர் தம் கருத்தை வெளியிட்டார். நீருக்கும் காற்றுக்கும் உள்ள பாகுத்தன்மை மிகச் சொற்பமேயாயினும், பொருளின் மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் அதனைத் தள்ளிவிடல் ஆகாது என்பதே அவர் கண்டது. மேற்பரப்பைத் தொட்டுநிற்கும் நீர் அதனுடன் ஒட்டிக்கொண்டு அசையாது நிற்கின்றது. அதற்கு மேலுள்ள மெல்லிய படையொன்றிலே வேகம் சிறிது சிறிதாகக் கூடி, வெளியேயுள்ள ஓட்டத்தின் வேகத்தை எய்துகின்றது. இம்மெல்லிய படைக்கு எல்லைப் படை என்று பெயர்.

தூணின் முன்புறத்திலிருந்து பக்கவாட்டுவரை ஓட்டம் விரைவடைகின்றது. அமுக்கம் குறைந்து செல்கின்றது. பக்கத்தைக் கடந்து பின்புறம் செல்லுகையிலோ அமுக்கம் மீண்டும் ஏறுகின்றது. இதனைப் பள்ளத்திலிறங்கி மேட்டில் ஏறும் துவிச்சக்கர வண்டிக்கு ஒப்பிடலாம். உராய்வில்லாத வண்டி, இறங்கிய வேகத்தைக் கொண்டே எதிர்மேட்டின் உச்சியை எட்டிவிடும். வழியில் உராய்வினால் வேகத்தை இழந்த வண்டியோ பாதி மேட்டிலே நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கும். எல்லைப் படையிலுள்ள நீரின் நிலையும் அதுவே. அது பின்புறத்தை அடையுமுன் சோர்ந்து நின்று, எதிர்த்திசையிலே திரும்பி, தூணின் மேற்பரப்பை விட்டு விலகிச் சுருண்டு சுழியாகின்றது. பின்னாலே நீர் ஒழுங்காக ஒன்றுசேர்ந்து முன்னே தள்ளும் என்ற தலம்பேரின் எதிர்பார்ப்பு அங்கே பொய்த்துப் போகின்றது.

ஓர் எண்ணின் ஆட்சி

எல்லா ஓட்டமும் இவ்வாறு சுழிப்பதில்லை. தேனிலே கரண்டியை மெல்ல இழுத்தால் சுழி தோன்றுவதில்லை. ஓட்டம் எப்போது அமைதியாகும், எப்போது கலங்கும் என்பதை 1883ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஒஸ்போர்ண் றெயினோல்ட்ஸ் ஆராய்ந்தார். அவர் கண்ணாடிக் குழாயொன்றின் வழியே நீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாயத்தை நூல் போலச் செலுத்தினார். வேகம் குறைந்திருக்கையிற் சாயம் குழாயின் நீளத்துக்கும் ஒரே கோடாகச் சென்றது. வேகத்தைக் கூட்டவே, ஒரு கட்டத்தில் அக்கோடு திடீரெனக் கலைந்து நீர் முழுவதிலும் பரவிற்று.

அக்கட்டம் வேகத்தை மாத்திரம் பொறுத்ததன்று. வேகத்தைக் குழாயின் விட்டத்தாற் பெருக்கி, அப்பொருளின் அடர்த்தியாலும் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. இன்று இதனை றெயினோல்ட்ஸ் எண் என்கின்றோம். சாதாரண குழாய்களில் இவ்வெண் ஏறத்தாழ 2000ஐத் தாண்டும்வரை ஓட்டம் அமைதி குலைவதில்லை. குழாயின் உள்ளே செல்லும் ஓட்டத்தைப் போலவே, உருளையைச் சுற்றிச் செல்லும் ஓட்டத்தையும் இதே எண் ஆளுகின்றது. அங்கே விட்டம் என்பது உருளையின் விட்டமாகும்.

உருளையைப் பொறுத்தவரை இவ்வெண் ஏறத்தாழ 5 ஆகும் வரை ஓட்டம் அதனை ஒட்டியே செல்லும். 5க்கும் 47க்கும் இடையே, உருளையின் பின்னால் இரண்டு சுழிகள் இரட்டைப் பிள்ளைகள் போல அசையாது ஒட்டிக்கொண்டு நிற்கும். 47ஐக் கடந்ததும் அவ்வமைதி குலைகின்றது. ஒரு பக்கத்துச் சுழி பெருத்துக் கழன்று செல்ல, மறுபக்கத்துச் சுழி பெருக்கின்றது. அது கழல, முதற்பக்கம் மீண்டும் பெருக்கின்றது. வலம், இடம், வலம், இடம் என்று முறைவைத்துச் சுழிகள் கழன்று ஓடுகின்றன. நாம் கேட்ட கம்பியின் றெயினோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 1300. ஆகவே அது பாடுவதில் வியப்பில்லை. ஒவ்வொரு சுழியும் கழலுகையிற் கம்பியை ஒரு பக்கமாகச் சற்றே இழுக்கின்றது; அடுத்தது மறுபக்கமாக இழுக்கின்றது. குறுக்கே ஆடும் ஆட்டத்தின் காரணம் இதுவே.

அசைந்துகொண்டே இருந்த தொட்டி

இச்சுழி வரிசைக்குக் கணித விளக்கம் பிறந்த கதை சுவையானது. ஜேர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிராண்டிலின்கீழ் கார்ள் ஹீமென்ஸ் என்னும் மாணவர் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்து வந்தார். சீராக ஓடும் நீரில் உருளையொன்றை நிறுத்தி, அதனைச் சுற்றியுள்ள அமுக்கத்தை அளப்பதே அவருடைய வேலை. நீர் சீராகத்தான் வந்தது. ஆயினும் உருளைக்குப் பின்னால் அது ஓயாது ஊசலாடிற்று. உருளை செவ்வையான வட்டமாயிராது என்று பிராண்டில் கூற, மாணவர் அதனை மிகவும் திருத்தமாகக் கடைந்தெடுத்தார். ஊசலாட்டம் நிற்கவில்லை. தொட்டியின் இருபக்கமும் ஒத்திராது என்று கருதி அதனையும் சீர்செய்தார். அப்போதும் நிற்கவில்லை.

அங்கே ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த தியோடோர் வொன் கார்மன் என்னும் இளம் அறிஞரும் இருந்தார். காலைதோறும் அவர் ஹீமென்சிடம் ஓட்டம் அடங்கிவிட்டதா என்று விசாரிப்பதும், இன்னும் ஆடிக்கொண்டே இருக்கின்றது என்று மாணவர் வருந்திக் கூறுவதும் வழக்கமாயிற்று. எவ்வளவு திருத்தியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், அது கருவியின் குற்றமாயிராது. இயற்கையின் சட்டமாகவே இருக்கவேண்டும் என்று கார்மன் எண்ணினார். வாரவிறுதியொன்றில் அமர்ந்து அவர் கணித்துப் பார்த்தார். இருவரிசைச் சுழிகளும் நேருக்கு நேராக அமைந்தால் அவ்வமைப்பு நிலைக்காது. சிறிது கலைந்தாலும் சிதறிவிடும். ஒரு வரிசைச் சுழிகள் மறுவரிசையின் இடைவெளிகளுக்கு எதிராக அமைந்து, வரிசைகளுக்கிடைத் தூரம் ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழிகளின் தூரத்தில் 0.281 பங்காகவும் இருந்தாலே அமைப்பு நிலைபெறும். 1911ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவால், தெருவின் இருமருங்கும் நட்ட விளக்குக் கம்பங்களை ஒத்த இவ்வணிவகுப்பு ‘கார்மன் சுழித்தெரு’ என்று பெயர் பெற்றது.

பிரான்சிய அறிஞர் ஹென்றி பெனார் அதற்கு முன்னரே இச்சுழிகளைப் படம்பிடித்து வெளியிட்டிருந்தார். முதன்மை தமக்கே உரியது என்று அவர் வாதிட்டபோது, இலண்டனிலும் பெர்லினிலும் கார்மன் தெருவென வழங்குவது பாரிஸில் பெனார் வீதியென வழங்கட்டும் என்று கார்மன் நகைச்சுவையாகக் கூறிச் சமாதானம் செய்தாராம்.

மாணவர்கள் இச்சுழித்தெருவை வீட்டிலேயே காணலாம். அகன்ற தட்டமொன்றில் மூன்று விரற்கடை உயரத்துக்கு நீர் நிரப்பி, அதன்மேல் மெல்லிய மரத்தூளைத் தூவுங்கள். நீர் அசைவற்று அடங்கியபின், உருண்டையான பென்சிலொன்றை நிமிர்த்திப் பிடித்துத் தட்டத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்லவும் சீராகவும் இழுங்கள். ஏழெட்டுச் செக்கன்களில் தட்டத்தைக் கடக்கும் வேகம் போதுமானது. பென்சிலின் வழியிலே வலமும் இடமும் மாறிமாறிச் சுழிகள் பூத்திருக்கக் காண்பீர்கள். ஒரே பக்கத்துச் சுழிகளின் இடைத்தூரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அது பென்சிலின் விட்டத்தைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்காக இருக்கும்.

மிதமான காற்றே பகை

பாடும் கம்பியும் பூக்கும் சுழியும் பார்க்கவும் கேட்கவும் இனியவை. ஆனால், இதே தாளம் பெரிய உருவங்களிற் பொருந்தும்போது அபாயம் பிறக்கின்றது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைக் கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் உயராது. அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால், சிறுவிரலின் பலமே அதனை உயர ஏற்றிவிடும். இதனைப் பௌதிகத்திற் பரிவு என்பர்.

4 மீற்றர் விட்டமுடைய உருக்குப் புகைபோக்கியொன்று இயல்பாக 2 செக்கனுக்கு ஒருமுறை ஆடவல்லது என்று கொள்வோம். நம் விதிப்படி, செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, சரியாக 2 செக்கனுக்கு ஒரு சோடிச் சுழிகளைக் கழற்றும். இக்காற்றைப் புயலென்று எவரும் சொல்லார். அதைவிட வேகமான காற்றில் தாளம் பொருந்தாது, புகைபோக்கி தப்பிவிடும். புயலைத் தாங்கிய புகைபோக்கி மிதமான காற்றிலே தள்ளாடும் விந்தைக்குக் காரணம் இதுவே. அதுமட்டுமன்று, புகைபோக்கி ஆடத் தொடங்கியதும் சுழிகள் அதன் ஆட்டத்துக்கே கட்டுப்படுகின்றன. காற்றின் வேகம் சிறிது மாறினாலும் அவை தாளத்தை விடுவதில்லை.

இதற்கு மருந்தும் உண்டு. புகைபோக்கிகளின் மேற்பகுதியிலே திருகாணியின் புரி போல உலோகப் பட்டிகள் சுற்றியிருப்பதைப் பலரும் அழகுக்கென்று எண்ணுவர். இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தில் 1950களில் ஆராய்ந்து அமைத்த காப்பு அது. புரி சுற்றிச் செல்வதால் ஒவ்வோர் உயரத்திலும் சுழி வெவ்வேறு நேரத்திலே கழல்கின்றது. அனைத்தும் ஒன்றுகூடித் தள்ளுவதில்லை. உயரழுத்த மின்கம்பிகளிலே, கோபுரத்தருகே இருமுனையிலும் குண்டு பொருத்திய சிறு கம்பித் துண்டுகள் தொங்குவதையும் நாம் காண்கின்றோம். அமெரிக்கப் பொறியியலாளர் ஸ்டொக்பிரிஜ் 1920களில் கண்ட இக்கருவி, கம்பியின் அதிர்வைத் தானுண்டு அடக்குகின்றது. இல்லையேல், இரவும் பகலும் ஓயாத அதிர்வினாற் கம்பியின் இழைகள் பிணைப்பிடத்தில் ஒவ்வொன்றாக இற்றுப்போகும்.

தனித்து நின்றதும் கூடி நின்றதும்

மருந்து தெரிந்த காலத்திலும் பேரிடி ஒன்று வந்தது. இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில், ஃபெரிபிரிஜ் மின்நிலையத்துக்கெனக் குளிர்த்தும் கோபுரங்கள் எட்டு, இரு வரிசைகளாகக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 375 அடி உயரம். வட்டமான அக்கொங்கிறீற்றுச் சுவரின் தடிப்போ பெரும்பகுதியில் 5 அங்குலமே. 1965ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கடுங்காற்று வீசிற்று. காற்றை நேரே எதிர்த்து நின்ற முன்வரிசை நிலைத்தது. அதன் மறைவில் நின்ற பின்வரிசையிலே மூன்று கோபுரங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் குலைந்து வீழ்ந்தன. உயிர்ச்சேதம் நிகழாதது நற்பேறு.

மறைவில் நின்றவை வீழ்வானேன்? முன்வரிசைக் கோபுரங்களின் இடைவெளியாற் காற்று விரைந்து நுழைந்ததும், அவற்றின் பின்னாலே கலங்கிக் கொந்தளித்ததும், பின்வரிசையை மாறிமாறித் தாக்கியதுமே காரணங்கள் என விசாரணையில் வெளிப்பட்டது. வடிவமைத்தோர் காற்றின் வேகத்தை ஒரு நிமிடச் சராசரியாகக் கணக்கிட்டிருந்தனர். சில செக்கன்களே நீடிக்கும் வீச்சுக்கு இடமளிக்கவில்லை. காற்றுச் சுரங்கத்திற் சோதித்த மாதிரியும் தனித்து நின்ற ஒரு கோபுரத்தினதே. தனியொருவராகப் பரீட்சையில் தேறியவை, கூட்டமாக நின்றபோது தோற்றன. கோபுரங்களைக் கூட்டாக அமைக்குமுன் கூட்டாகவே சோதிக்க வேண்டும் என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் தகோமா நெரோஸ் தொங்குபாலம் காற்றிலே முறுகி முறுகி அறுந்து வீழ்ந்ததைக் கார்மன் சுழிகளின் வேலையென்று பல பாடநூல்கள் எழுதின. அப்பாலத்தை விசாரித்த குழுவிலே கார்மனும் இருந்தார் என்பது உண்மை. ஆனால், அதனை வீழ்த்திய முறுக்காட்டம் சுழித்தெருவின் தாளத்துக்கு ஒத்ததன்று. தட்டையான பாலத்தளம் ஆடுகையில், அவ்வாட்டமே காற்றிலிருந்து மேலும் மேலும் சக்தியை இழுத்துத் தன்னை வளர்த்துக் கொண்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பட்டத்திற் கட்டும் விண்ணிலும், உருண்டைக் கம்பியன்றித் தட்டையான நாடாவே காற்றில் துடித்து ஒலிக்கின்றது. உருண்டைக்கு ஒரு கணக்கு, தட்டைக்கு வேறொரு கணக்கு.

வெப்பமானியின் உறை

இத்துணை அறிந்த பின்னரும் இயற்கை மனிதரை மீண்டும் ஒருமுறை சோதித்தது. ஜப்பானின் சுருகா நகரில் மொஞ்சு என்னும் அணுமின் நிலையம் அமைந்திருந்தது. அங்கே வெப்பத்தைக் கடத்துவதற்கு நீருக்குப் பதிலாக உருகிய சோடியம் குழாய்களில் ஓடிற்று. அதன் வெப்பநிலையை அறிய, வெப்பமானிகளை உறையிலிட்டுக் குழாயினுள்ளே நீட்டி வைத்திருந்தனர். அவ்வுறை, அடியிலே தடித்தும் நுனியிலே மெலிந்தும் இருந்த ஓர் உருளையேயாம்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அத்தகைய உறையொன்று தடிப்பும் மெலிவும் கூடுமிடத்தில் முறிந்தது. முறிவின் வழியே ஏறத்தாழ 640 கிலோகிராம் சோடியம் கசிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றிக் கொண்டது. எவரும் காயமுறவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. முறிவுக்குக் காரணத்தை ஆராய்ந்தபோது பழைய சுழிகளே அகப்பட்டன. ஆனால், இம்முறை அவை வலமும் இடமுமாக மாறிமாறிக் கழலவில்லை. இருபக்கமும் ஒரே நேரத்தில் சோடிசோடியாகக் கழன்றன. எனவே உறை குறுக்கே ஆடாமல், ஓட்டத்தின் போக்கிலேயே முன்னும் பின்னும் ஆடிற்று. குறுக்காட்டத்துக்கே அஞ்சியிருந்த வடிவமைப்பு, நெடுக்காட்டத்துக்குப் போதிய காப்பளிக்கவில்லை. கூர்மையான அம்மூலையில் நுண்ணிய வெடிப்பு வளர்ந்து வளர்ந்து இறுதியில் உறையைத் துண்டித்தது.

விபத்தைப் பதிவு செய்த படத்தின் ஒரு பகுதி மறைக்கப்பட்டது பின்னர் தெரியவந்ததும், மக்களின் நம்பிக்கையும் உடைந்தது. நிலையம் 2010ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் மீண்டும் இயக்கப்பட்டது. அதுவும் நீடிக்கவில்லை, 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை நிரந்தரமாக மூட அரசாங்கம் தீர்மானித்தது. பெருஞ்செலவிலான நிலையமொன்றின் தலைவிதியைத் திருப்பிய தொடக்கம், விரலைச் சற்று விஞ்சிய தடிப்புள்ள ஓர் உருளையின் நுனியாகும்.

சுழியோடு வாழ்தல்

மனிதர் இடறிய இடத்திற் பிற உயிர்கள் இசைந்து வாழ்கின்றன. ஆற்றிலே ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் திரௌட் மீன், தடையொன்றின் பின்னே சென்று அங்கு கழலும் சுழிகளின் தாளத்துக்கு உடலை வளைத்துக் கொடுக்கின்றது. அவ்வேளை அதன் தசைகள் மிகக் குறைவாகவே உழைக்கின்றன என்பதை 2003ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினர். கடல்நாயின் மீசைமயிரோ வழுவழுப்பான உருளையன்று. அலையலையாய்த் தடித்தும் மெலிந்தும் அமைந்தது. ஆகவே நீந்துகையில் அது பெரிதும் அதிர்வதில்லை; முன்சென்ற மீன் விட்டுச் சென்ற மெல்லிய சுழியையும் அதனால் உணர முடிகின்றது. மனிதரும் இதனைப் பணிகொள்ளக் கற்றுள்ளனர். தொழிற்சாலைக் குழாய்களில் சிறு தண்டொன்றைக் குறுக்கே நிறுத்தி, அதன்பின் செக்கனுக்கு எத்தனை சுழிகள் கழல்கின்றன என்று எண்ணி ஓட்டத்தின் வேகத்தை அறிகின்றனர். ஸ்திரூகாலின் விதியைத் தலைகீழாக்கியதே இவ்வளவுகோல்.

சீரான காரணத்துக்குச் சீரான விளைவே உண்டு என்று எண்ணுவது நம் மனத்தின் இயல்பு. ஒரே சீரான ஓட்டத்திலிருந்து, எவரும் இடாத தாளமொன்று தானே பிறக்கக்கூடும் என்பதை உருண்டைத் தூண் நமக்குக் கற்பிக்கின்றது. ஹீமென்சின் தொட்டி ஓயாது ஆடியபோது அவர் தம் கருவியையே மீண்டும் மீண்டும் திருத்தினார். அது தவறன்று, பொறுப்புள்ள ஆய்வாளன் முதலிற் செய்யவேண்டியது அதுவே. ஆனால், திருத்தியும் அடங்காத ஆட்டத்தைக் குறையென்று ஒதுக்காமல், அதனையே கேள்வியாக்கிய மனந்தான் உண்மையைக் கண்டது. கோபுரம் எழுப்புவோரும் குழாய் அமைப்போரும் அக்கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டாக வேண்டும். கேட்க மறந்தவிடத்து, காற்றும் நீரும் தம் விடையைத் தாமே எழுதிக் காட்டிவிடும்.